காசி மாத்தி, காசி மாசோக்

மலேசியாவின் பத்து காஜா பாசாரில் மீன் வாங்க வரும் தோட்டத்துப் பாட்டிக்கு ஹக்கா தெரியாது. மீன் விற்கும் சீனத் தவுக்கேவுக்குத் (முதலாளிக்கு) தமிழ் தெரியாது. பேரம் மட்டும் ஜோராக நடக்கும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனரும் பால்மரக் காடுகளுக்குத் தமிழரும் வந்து சேர்ந்த நாள்தொட்டு, இருவருக்கும் நடுவில் நிற்பது பாசார் மலாய், அதாவது சந்தையில் புழங்கும் மலாய்.

அதில் 'காசி' என்றால் கொடு. கங்கைக் கரைக் காசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'காசி மாசோக்' என்றால் உள்ளே போடு. 'காசி ஹாபிஸ்' என்றால் முடித்துவிடு. மாத்தி என்பது சாவு. விளக்கை அணைக்கச் சொல்லவும் 'காசி மாத்தி'தான். கையிருப்புச் சொற்களை ஒட்டியே வேலை முடிந்துவிடுகிறது.

இப்படி ஒட்டிப் பேசும் வித்தை கணினிக்குத் தானாக வருமா? 2017இல் சாத்விக் கோட்டூர், துருவ் பத்ரா முதலியோர் இரண்டு நிரல்களை விளையாட விட்டுப் பார்த்தார்கள். நான்கு வடிவம், நான்கு நிறம், நான்கு கோட்டுப் பாணி. ஆக 64 பொருள்கள். ஒரு நிரல் மட்டும் பொருளைப் பார்க்கும். மற்றது கேள்வி கேட்டே அதன் தன்மைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பேசுவதற்குக் கொடுத்தவை பொருளற்ற வெறும் குறிகள்.

குறிகளைத் தாராளமாக அள்ளிக் கொடுத்தபோது, பதில் சொல்லும் நிரல் பொருளுக்கு ஒரு குறியாக வைத்துக்கொண்டது. கேள்வியைச் சட்டை செய்யவே இல்லை. ஆட்டத்தில் வெற்றிதான்; ஆனால் பயிற்சியில் பார்க்காத பொருள் வந்தால் தடுமாற்றம். பிறகு அதற்கு நான்கே குறிகள் கொடுத்து, முந்தின கேள்வியின் நினைவையும் அழித்தார்கள். அப்போதுதான் நிறத்தைக் கேட்டால் நிறத்துக்கு, வடிவத்தைக் கேட்டால் வடிவத்துக்கு என்று பதில் பிரிந்தது. கேள்வி கேட்கும் நிரலும் புதிய பொருள்களின் தன்மைகளைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னது. நேற்றைய பேரத்தை அறியாத புது ஆளுக்கும் இன்று புரிந்தாக வேண்டும் என்ற பாசார் நெருக்கடியும் ஏறக்குறைய இதுவே.

அதே 2017இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் புத்தகம், தொப்பி, பந்து ஆகியவற்றைப் பங்கு பிரிக்கும் பேரத்தைக் கணினிக்குக் கற்பித்தார்கள். பாடநூல், மனிதர்களின் 5,808 ஆங்கில உரையாடல்கள். இரு தரப்பும் ஒருசேரக் கற்றபோது 'எனக்கு எனக்கு' என்று ஒரே சொல்லை அடுக்கும் விபரீத ஆங்கிலம் முளைத்தது. இயந்திரங்கள் ரகசிய மொழி படைத்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் அலறின. நடந்தது அவ்வளவு திகிலானதல்ல: பேரத்துக்குத்தான் மதிப்பெண், பேச்சுக்கு இல்லை. ஒரு தரப்பின் கற்றலை நிறுத்தி, மனிதரைப்போல் பேசியபடியே இருக்க வைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

2024இல் சீன ஆய்வாளர்கள் லாமா-2 போன்ற மொழி மாதிரிகளைத் தங்களுக்குள்ளேயே ஒரு சொல் விளையாட்டு ஆட வைத்தார்கள். ஒருவருக்கு ரகசியச் சொல் தெரியும். 'மழை' என்று வைத்துக்கொள்வோம். அதைத் தான் உச்சரிக்காமல், எதிராளியின் வாயிலிருந்து அவரறியாமல் பிடுங்க வேண்டும். எதிராளி முந்திக்கொண்டு அது என்னவென்று ஊகித்தால் அவருக்கு வெற்றி. குடை, தவளை, ஒழுகும் கூரை என்று பேச்சு சுற்றிச் சுற்றிப் போகும். இதை ஆடிப் பழகிய மாதிரிகள், விளையாட்டோடு தொடர்பில்லாத தர்க்கத் தேர்வுகளிலும் முன்னேறின. பேச்சு திரிந்துவிடாதிருக்க, பயிற்சியின்போது பழைய பேச்சுநடையை விட்டு வெகுதூரம் விலகினால் மதிப்பெண்ணில் வெட்டு விழுந்தது.