சிதைந்த ஒலியும் கருடசேவைப் பதிவுகளும்

வைகாசி விசாகத்தையொட்டி ஆழ்வார்திருநகரியில் நடைபெறும் நம்மாழ்வார் அவதார உற்சவத்தில், நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் எழுந்தருளும் சேவை இன்று எண்ணற்ற கைபேசிகளில் பதிவாகிறது. அப்பதிவுகள் பலவற்றில் காட்சி துல்லியமாக இருக்க, நாகசுவரமும் தவிலும் முழங்கும் இடங்களில் ஒலி மட்டும் கரகரத்துச் சிதைந்திருக்கிறது. வாத்தியக்காரர்களுக்குச் சில அடி தொலைவில் நின்று எடுக்கும் எந்தப் பதிவுக்கும் நேரக்கூடிய இக்குறையை ஓரளவு சீர்செய்ய முடியும். அது எவ்வாறு விளைகிறது என்பதை முதலில் அறியவேண்டும்.

கைபேசி, காற்றழுத்தத்தின் ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது. இவ்வளவீடுகளுக்கு மாதிரிகள் என்று பெயர். பரவலாக வழங்கும் 16 பிட் முறையில் அந்த எண் -32,768 முதல் 32,767 வரை மட்டுமே அமையலாம். ஒலியலையின் உச்சி இவ்வெல்லையைக் கடக்கும்போது, மரக்காலில் குவிந்த நெல்லைத் தலைதட்டுவதுபோல மேற்பகுதி வழிக்கப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. ஒலிப்பொறியாளர்கள் இதனைக் கிளிப்பிங் என்பர். இவ்வாறு தட்டையான அலையில், மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக அமையும் அதிர்வுகள், புதிதாகத் தோன்றுகின்றன. நாகசுவரம் இயல்பாகவே மேற்சுரங்கள் செறிந்த வாத்தியம் ஆதலால், பொய்யானவை மெய்யானவற்றின் இடத்திலேயே வந்து கலக்கின்றன. உயர் அதிர்வெண் பகுதியான டிரெபிளைக் குறைத்துக் கரகரப்பை அடக்க முனைந்தால் வாத்தியத்தின் உயிரும் உடன்போய்விடும்.

ஆகவே இழந்த உச்சிகளை மீட்டமைப்பதே சரியான வழி. வாட்ஸ்அப்பில் வந்த பிரதி மீண்டும் சுருக்கப்பட்டதாக இருக்கும் என்பதால், படமெடுத்த கைபேசியிலிருந்தே மூலக் கோப்பைப் பெற்று, ஒலித்தடத்தை மட்டும் வேவ் கோப்பாகப் பிரித்தெடுத்து, அதன் அளவைச் சில டெசிபெல் தாழ்த்தவேண்டும். இல்லையெனில் மீண்டெழும் உச்சிகள் பழைய எல்லையிலேயே மறுபடி முட்டும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியின் 'கிளிப் ஃபிக்ஸ்' வசதி, தட்டையான இடத்தின் இருபுறத்தையும் ஒரு வளைகோட்டால் இணைக்கிறது. மற்றோர் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் 'அடிகிளிப்' வசதியோ ஒவ்வொரு மாதிரியையும் அண்டை மாதிரிகளிலிருந்து கணிக்கும் முறையைக் கையாள்கிறது. இழந்த மாதிரிகளை இவ்வகையில் நிரப்பும் வழியை யான்சென், வெல்தாவிஸ், விரீஸ் ஆகிய மூவர் 1986-இல் வகுத்துக் காட்டினர்.

இக்கணிப்பு எல்லா ஒலிக்கும் ஒரேபோல் பலிப்பதில்லை. நாகசுவரத்தின் நீண்ட கார்வையில் அலை ஏறக்குறைய அதே வடிவில் திரும்பத் திரும்ப வருவதால், வெட்டுண்ட சிறு பகுதியை நம்பகமாக ஊகிக்கலாம். விரல்கூடு அணிந்த விரல்கள் தவிலின் வலந்தலையில் விழும் கணமோ முந்தைய ஒலியிலிருந்து பிறப்பதன்று. அதன் கூர்மை தட்டையாகிவிட்டால், எந்த மென்பொருளும் அண்டை மாதிரிகளைப் பார்த்து அதை உள்ளபடி அறிய இயலாது.

ஆழ்வார்களின் பாசுரங்களைத் தாளமிட்டுப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவையின் பதிவுகளுக்கு வேறொரு கவனம் தேவை. அரையர் கையிலுள்ள தாளத்தின் ஓசை இரைச்சலைப் போன்றே பல அதிர்வெண்களில் பரவி நிற்பதால், இரைச்சல் நீக்கும் மென்பொருள் அதையும் இரைச்சலெனக் கருதி அரித்துவிடக்கூடும். குரல், டிரம்ஸ், பேஸ், ஏனையவை என்று நான்காகப் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிலும் நாகசுவரத்துக்கெனத் தனி இடமில்லை. இத்தகைய கருவி புனைந்து தரும் ஒலி செவிக்கு இனிதாக இருந்தாலும், அதை உற்சவத்தின் ஆவணமாகக் கொள்வது தவறு. திருத்திய பிரதியுடன், கரகரப்பு உள்ளதாயினும் மூலக் கோப்பையும் காத்துவைப்பதும், செய்த திருத்தங்களை எழுதிவைப்பதும் இன்றியமையாதன.

அடுத்த சேவையைப் படமெடுப்போர், தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டை நிறுத்தக்கூடிய செயலியில், மிகப் பலத்த அடியும் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்துக்கொள்ளலாம். 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதியும் கருவிகளில் எண்ணின் எல்லை குறுக்கிடுவதில்லை. எனினும் ஒலிவாங்கியே தாங்காத அளவுக்கு நெருங்கி நின்றால் அவற்றிலும் ஒலி சிதையும்.