குற்ற ஆராய்ச்சியும் அறநெறியும்

கல்லையும் செடியையும் ஆராய்வோன் முடிவு பிழைபடின், அப்பிழையால் கல்லும் செடியும் துன்புறா. குற்றத்தை ஆராய்வோன் நிலை அத்தகையதன்று. ஒரு மக்கட் கூட்டத்தைக் குற்றவாளிகள் என அவன் எழுதின், அவ்வெழுத்து காவலர் கைக்குச் செல்லும், சட்டத்திற்குத் துணையாகும், தலைமுறைகளை வருத்தும். இவ்வுண்மையைத் தமிழகத்து வரலாறு கொண்டே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ, குற்றவாளிகளுள் ஒரு சாரார் பிறவியிலேயே அத்தன்மையர் என்றும், மண்டை, தாடை முதலியவற்றின் அமைப்பால் அவர்களை அறியலாம் என்றும் 1876 இல் எழுதினார். இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லசு கோரிங் ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்து, பிறரோடு ஒப்பிட்டு, அங்ஙனம் ஒரு தனி உடலமைப்பு இல்லை என 1913 இல் காட்டினார்.

இந்தியாவிலோ, லொம்புரோசோவின் நூலுக்கு முன்னரே, குலத்தொழில் போலக் குற்றமும் வழிவழி வருவது என்னும் எண்ணத்தின்மேல் 1871 இல் ஒரு சட்டம் எழுந்தது. சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்பார் பற்றிக் காவல்துறை அலுவலர் மல்லாலி 1892 இல் நூல் வெளியிட்டார். 1909 இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் அத்தகைய காவலர் குறிப்புகளையும் சான்றாகக் கொண்டன. 1911 இல் இச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. பதிவு செய்யப்பட்டோர் கைரேகை வைத்தல் வேண்டும் என்றதனால் மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். 1920 ஏப்பிரல் 3 ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்தோர்மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. பலர் உயிர் துறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947 இலும் இந்தியா முழுமையிலும் 1952 இலும் இச்சட்டம் ஒழிந்தது.

இங்கு நேர்ந்த பிழை யாது? குற்றம் சாட்டியவர் குறிப்பே சான்றாயிற்று. சாட்டப்பட்டவர் கூற்று கேட்கப்படவில்லை. பதிவு பெற்றோர் இடையறாது கண்காணிக்கப்பட்டனர்; கட்டளைப்படி வந்து காட்டிக்கொள்ளாமையே தண்டனைக்குரியதாயிற்று. அதனாற் பெருகிய தண்டனைக் கணக்கு, அவர்தம் குற்ற இயல்புக்குச் சான்றெனத் தோன்றும். முடிவே காரணமாக மீளும் இச்சுழலில், ஆராய்ச்சி முறையின் பிழையும் அறத்தின் பிழையும் ஒன்றே என்பது தெளிவு. 'குற்றப் பரம்பரை' என்னும் தமிழாக்கமோ, நிறுவப்படாத மரபுவழியைப் பெயரிலேயே நிறுவிவிட்டது.

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று.

முதலாவது, உடன்பாடு. சிறையிலிருப்போன் 'ஆம்' என்பது விருப்பத்தாலா, அதிகாரிகளின் அச்சத்தாலா, விடுதலை விரைவில் வரும் என்னும் நசையாலா என ஆராய்தல் வேண்டும். அமெரிக்க நாடு கைதிகளை ஆராய்வதற்கெனத் தனி விதிகளை 1978 இல் வகுத்தமை இதுபற்றியே. மறுப்பதால் இழப்பில்லை, இசைவதால் சலுகையில்லை என்னும் நிலையிலேயே உடன்பாடு உடன்பாடாகும்.

இரண்டாவது, மறைபொருள் காத்தல். நம்பிக் கூறியவனை நம் ஏடு காட்டிக்கொடுத்தல் ஆகாது. பெயரை நீக்கினும், ஊரும் வழக்கும் சேர்ந்து ஆளை உணர்த்தும் ஆதலின் அவற்றையும் மறைத்தல் வேண்டும். பிறர் உயிர்க்கு ஊறு வரும் எனத் தெரியின் வாய் மூடியிருத்தல் இயலாது; அவ்வெல்லையை வினாத் தொடங்குமுன்னரே கூறிவிடுதல் நேர்மை.

மூன்றாவது, பெயரிடுதல். செயல் தனி ஒருவனுடையது. அதனைக் குலத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று.

இந்நெறிகள் குற்றவியலார்க்கு மட்டும் உரியன அல்ல. மக்கள் வழக்காறுகளைத் தொகுக்கும் நம் மாணாக்கர் இன்றும் தர்ஸ்டன் தொகுதிகளை எடுத்தாளுகின்றனர். எடுத்தாளுதல் தவறன்று. ஆயின், ஒவ்வொரு செய்தியும் யாரிடமிருந்து, எந்நிலையில் பெறப்பட்டது என வினவியே கொள்ளுதல் வேண்டும். அவ்வினா எழுப்பாதார், ஒழிந்த சட்டத்தின் தீர்ப்பை அறியாமலே மீண்டும் எழுதுவோராவர்.