வழியும் நீர் உரைப்பது என்ன?

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் அரபிக்கடலைக் காணலாம். அக்கரையில் தெற்கே விழிஞ்ஞத்திலும், வடக்கே கொல்லத்தை அடுத்த நீண்டகரையிலும் மீன்பிடித் துறைமுகங்கள் உள்ளன. 1952-ஆம் ஆண்டில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, நீண்டகரைப் பகுதியில் இயந்திரப் படகுகள் அறிமுகமாயின. துடுப்பும் பாயும் செய்த பணியை டீசல் இயந்திரம் ஏற்றது. இன்று அங்குள்ள விசைப்படகுகளில் குமரி மாவட்டத்திலிருந்து சென்ற தமிழர் பலரும் பணிபுரிகின்றனர். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் படகு அலையின் போக்கில் அடித்துச் செல்லப்படும். ஆதலால், இயந்திரம் காட்டும் குறிகளை அறிந்திருப்பது அவர்களுக்கு உயிர்காக்கும் கல்வியாகும். அக்குறிகளுள் ஒன்று, குளிர்விக்கும் நீர் பொங்கி வழிதல்.

இருவகை நீர்

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியசை விஞ்சும். அவ்வெப்பத்தைத் தணிக்கப் பல படகுகளில் இருவகை நீர் பயன்படுகிறது. துருத்தடுப்பு மருந்து கலந்த நன்னீர் இயந்திரத்தினுள்ளேயே சுற்றிவரும். இதனைக் கூலண்ட் என்பர். கடல்நீர் வெளியிலிருந்து பம்பினால் இழுக்கப்பட்டு, வெப்பமாற்றி என்னும் கலத்தின் வழியே சென்று, மீண்டும் கடலில் விழும். வெப்பமாற்றியில் இவ்விரு நீரும் கலப்பதில்லை. மெல்லிய குழாய்களின் சுவர் இடைநிற்க, நன்னீரின் வெப்பத்தைக் கடல்நீர் ஏற்றுச் செல்கிறது.

எது இயல்பு? எது கோளாறு?

சூடேறும் நீர் பெருகும். 20 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் பெருகும். தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் அம்மிகுதி வழிந்தே தீரும். இது கோளாறு ஆகாது. குறித்த அளவுக்கு வழிந்த பின் வழிதல் நின்றுவிடும். நில்லாமல் மீண்டும் மீண்டும் வழிந்தால் காரணத்தைத் தேட வேண்டும். எளியதில் தொடங்கி அரியதை நோக்கிச் செல்வதே மெக்கானிக்குகளின் முறை.

முதலாவது, மூடி. தொட்டியின் மூடியிலுள்ள சுருள்வில் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். வில் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் வெடித்தாலோ அழுத்தம் குறையும். நீர் முன்னதாகவே கொதித்து வழியும். மூடியை மாற்றுவது சிறு செலவே.

இரண்டாவது, கடல்நீரின் ஓட்டம். படகின் பக்கவாட்டில் வெளியேறும் நீர் குறைந்திருந்தால், வடிகட்டியைப் பாசியோ பிளாஸ்டிக் தாளோ அடைத்திருக்கலாம். பம்பின் ரப்பர் இதழ்கள் தேய்ந்தும் இருக்கலாம். கடல்நீர் வால்வை மூடிய பிறகே வடிகட்டியைத் திறத்தல் வேண்டும். இல்லையேல் படகினுள் கடல்நீர் புகும்.

மூன்றாவது, வெப்பமாற்றி. அதன் குழாய் ஒன்றில் ஓட்டை விழுந்தால், இருபுறத்து அழுத்தத்தைப் பொறுத்து, நன்னீர் கடலுக்குச் செல்லும். அல்லது கடல்நீர் உட்புகும். எவரும் ஊற்றாமலே தொட்டியில் நீர் ஏறினால் ஐயம் இக்குழாய்களின் மேல் விழ வேண்டும்.

நான்காவது, கேஸ்கட். சிலிண்டர் ஹெட்டின் கீழுள்ள இத்தகடு பழுதுபட்டால், எரிந்த வாயு நன்னீரில் புகுந்து அதனை வெளியே தள்ளும். ஆறிய இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்து, இயந்திரத்தை இயக்கிப் பார்த்தால் குமிழிகள் எழும். தங்கியிருந்த காற்றின் குமிழிகள் சிறிது நேரத்தில் அடங்கும். வாயுவின் குமிழிகள் அடங்கா. நீர் எண்ணெயில் கலந்தால் எண்ணெய் பால்போல் வெளுக்கும். இக்கோளாறு தோன்றினால் கரைக்குத் திரும்புவதே அறிவுடைமை.

செய்யத் தகாதவை

சூடான இயந்திரத்தின் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தம் நீங்கிய மறுகணமே நீர் கொதித்துச் சீறி முகத்தையும் கைகளையும் வேக வைக்கும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசலுறும். உப்புக் கரிக்கிறதா என்று கூலண்டை நாவில் வைத்துப் பார்த்தலும் கூடாது. அதில் நஞ்சு கலந்திருக்கலாம்.

கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் இழுவலைப் படகுகளுக்குத் தடை உண்டு. மூடியைச் சோதிக்கவும், பம்பின் இதழ்களை மாற்றவும், வெப்பமாற்றியைத் துப்புரவு செய்யவும் அந்நாள்கள் ஏற்றவை. வழிந்த நீருக்கு ஈடாக வேறு நீரை ஊற்றினால் படகு அன்று ஒருவேளை கரைசேரும். ஆனால் கோளாறு இயந்திரத்தினுள்ளேயே இருக்கும். நீர் ஏன் வழிந்தது என்று கேட்டு விடை கண்டவரே அடுத்த நாளும் அச்சமின்றிக் கடலுக்குச் செல்வர்.

அருஞ்சொற்பொருள்
விஞ்சும் – மிகும்
தணிக்க – குறைக்க
ஐயம் – சந்தேகம்
ஈடாக – பதிலாக

வினாக்கள்
1. நீர் வழிதல் எப்போது இயல்பானது? எப்போது கோளாறாகும்?
2. எவரும் ஊற்றாமலே தொட்டியில் நீர் ஏறுவது எதனைக் காட்டுகிறது?
3. வடிகட்டியைத் திறக்குமுன் செய்ய வேண்டியது யாது? ஏன்?