மூலையில் பதுங்கும் பேஸ்

வீட்டில் ஸ்டூடியோ அமைப்பவர்கள் முதலில் தேடுவது முட்டைத் தட்டு. கையில் கொஞ்சம் காசிருந்தால் கூம்பு கூம்பாக வெட்டிய ஃபோம். சுவர் முழுக்க ஒட்டிவிட்டுக் கை தட்டிப் பார்த்தால் எதிரொலி அடங்கியிருக்கும், மனசுக்கும் திருப்தி. அந்த அறையில் மிக்ஸ் செய்த பாட்டைக் காரில் போட்டதும் குட்டு வெளிப்படும். பேஸ் குமுறும், அல்லது இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

காரணம் அறையின் அளவு. பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி சிக்கிக்கொண்டு மோதி மோதி வலுக்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஆக அந்த ஒரு சுரம் சுவரோரம் அதிரும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறையக் காணாமல் போகும். நடுவில் நாற்காலி போட்டவர், பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே இருப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே சுரம்தான் சிக்கும். அதைவிட மோசமான அறை கிடையாது.

ஃபோமால் ஏன் முடிவதில்லை? பஞ்சு போன்ற எந்தப் பொருளும் காற்றின் அசைவை உராய்வால் வெப்பமாக்கித்தான் ஒலியைத் தின்கிறது. சுவரை ஒட்டி அந்த அசைவே இல்லை. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அது உச்சம் தொடும். 56 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் ஐந்தடி. இரண்டு அங்குல ஃபோம் மேல் சுரங்களை விழுங்கி அறையை மந்தமாக்கும், பேஸைத் தொடாது. முட்டைத் தட்டு அந்த அளவுக்குக்கூட உழைக்காது.

எந்தப் பொருள் எவ்வளவு ஒலியைத் தின்னும் என்று முதலில் அளந்தவர் ஹார்வர்டின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சாபின். 1895இல் அங்கே ஃபாக் அருங்காட்சியக உரையரங்கில் பேசிய சொல் ஐந்தரை விநாடி முழங்கிக்கொண்டிருந்தது. அதே ஹார்வர்டில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து பரப்பி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடுத்தார். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹாலின் பின்னால் இருப்பது அந்தக் கணக்குதான்.

வீட்டுக்கு வழி, பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சான ராக்வுல். எல்லா அலைகளின் அழுத்தமும் மூலையில்தான் குவிகிறது. அங்கே தரையிலிருந்து கூரைவரை தடிமனாக அடுக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு மூலையைக் கதவு எடுத்துக்கொள்ளும். மிச்சம் மூன்றோடு சமாளிக்கலாம். பக்கச் சுவருக்கு நான்கு அங்குலப் பலகை, சுவரோடு ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டு. இடம் கண்டுபிடிக்க ஒருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தட்டும். நாற்காலியிலிருந்து ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் அது. போர்த்தும் துணி, வாய் வைத்து ஊதினால் காற்று போகிற துணியாக இருக்க வேண்டும். பத்தடி அறையில் நாற்காலி முன்சுவரிலிருந்து நான்கடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும்.

ராக்வுல் எரியாது என்பதும் சின்ன விஷயமல்ல. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதியின் சுவர் ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள்.

ஒன்று மட்டும் இதில் நடக்காது: பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுப்பது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அந்தச் செலவைத் தனியாகப் போடுங்கள்.