மின்கலத்தின் மூப்பு: நிறைவும் கொள்ளளவும்

ஒரு துறைக்குள் ஒரு சொல் ஒரு பொருளையே குறிக்க வேண்டும் என்பது கலைச்சொல்லாக்கத்தின் முதல் நெறி. அந்நெறி தவறினால் மொழிக்கு நேரும் குறையைக் காட்டிலும் மக்களுக்கு நேரும் இழப்பே பெரிது. மின்சாரக் கார்களிலிருந்து கழற்றப்பட்டு வேறு பணிகளுக்கு மறுபயன் பெறும் மின்கல அடுக்குகளைப் பற்றிப் பேசும்போது இவ்வுண்மை நன்கு விளங்கும். மின்னேற்றியின் திரை 'நூறு விழுக்காடு' என்று காட்டும். விற்பவரும் அதனையே சுட்டுவார். எதில் நூறு விழுக்காடு? இவ்வினாவை எழுப்பத் தெரிந்தவர் எளிதில் ஏமாறார்.

நீரும் வண்டலும்

டுரியான் துங்கால் வட்டாரத்தார்க்கு அணைக்கட்டு புதிய பொருளன்று. 1991-ஆம் ஆண்டு வறட்சியில் இங்குள்ள நீர்த்தேக்கம் வற்றியபோது மலாக்கா மாநிலமே குடிநீருக்குத் தவித்தது. பின்னர்த் தேக்கம் மீண்டும் நிறைந்தது. அன்று குறைந்தது நீரின் இருப்பே. தேக்கத்தின் கொள்ளளவு அன்று. ஆனால், எந்த நீர்த்தேக்கத்திலும் ஆண்டுதோறும் வண்டல் படிகின்றது. வண்டல் மிகுந்த தேக்கத்திலும் நீர்மட்டக் கோல் முழு அளவைக் காட்டலாம்; உள்ளிருக்கும் நீரோ முன்பிருந்த அளவினதாக இராது.

மின்கலத்திற்கும் இஃது அப்படியே பொருந்தும். ஓட்டத்தில் குறைந்து, மின்னேற்றத்தில் மீள்வது இருப்பு. ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்து, மீளாமற் போவது கொள்ளளவு. திரை காட்டும் விழுக்காடு இருப்பைக் குறிப்பது. அதுவும், இன்றைய கொள்ளளவில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே சொல்வது. புதிதாக இருந்தபோது 24 கிலோவாட் மணி கொண்ட அடுக்கு இன்று 16 கிலோவாட் மணி மட்டுமே கொள்ளுமாயின், அந்தப் பதினாறும் நிறைந்ததும் திரை நூறு விழுக்காடு என்றே காட்டும்.

மூப்பு எவ்வாறு வருகிறது?

லித்தியம் அயனி மின்கலம் முதன்முதலில் வணிகப் பொருளாக வெளிவந்ததும் 1991-இல்தான். அதனை வெளியிட்டது ஜப்பானின் சோனி நிறுவனம். அக்கலத்தின் ஒரு முனையில் பெரும்பாலும் கிராஃபைட் எனும் கரிமப்பொருளும் மறுமுனையில் லித்தியம் கலந்த உலோகச் சேர்மமும் உள்ளன. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. மின்சாரத்தைப் பயன்படுத்தும்போது திரும்பிச் செல்கின்றன. இப்போக்குவரவில் ஈடுபடும் லித்தியத்தின் அளவே கொள்ளளவைப் பெரிதும் முடிவு செய்கிறது.

கலத்தின் முதற்சில மின்னேற்றங்களின்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகின்றது. அது கலத்திற்குக் காப்பாக அமைவது, இன்றியமையாததும்கூட. எனினும், அப்படலம் நாளும் சிறிது சிறிதாகத் தடித்து, போக்குவரவுக்குரிய லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. அணையில் வண்டல் செய்வதை மின்கலத்தில் இப்படலம் செய்கிறது.

மின்கலத்தின் மூப்பை அறிவியலார் இரு வகையாகப் பிரிப்பர். கார் ஓடாமல் நின்றாலும் காலத்தால் வருவது ஒன்று. மின்னேற்றி இறக்குவதால் வருவது மற்றொன்று. இவற்றை முறையே 'கிடப்பு மூப்பு' என்றும் 'உழைப்பு மூப்பு' என்றும் வழங்கலாம் என்பது நம் கருத்து. வெப்பமும், எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் வைத்திருப்பதும் கிடப்பு மூப்பை விரைவுபடுத்தும். அயனிகள் புகும்போது கிராஃபைட் ஏறத்தாழப் பத்து விழுக்காடு விரிகின்றது, வெளியேறும்போது சுருங்குகின்றது. இவ்விரிவும் சுருக்கமும் மீண்டும் மீண்டும் நிகழ்வதால் நுண்பிளவுகள் தோன்றி, அவற்றின் மேல் புதுப்படலம் படர்கிறது. இஃது உழைப்பு மூப்பு.

வெப்பம் தந்த பாடம்

2010-ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் மின்கல அடுக்கு 24 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. அதனைக் குளிர்விக்க நீர்மச் சுற்று ஏதும் இல்லை. கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், 2012-ஆம் ஆண்டிலேயே பல கார்களின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட விரைந்து குறைந்தது கண்டு உரிமையாளர்கள் முறையிட்டனர். அதன் பின்னர், கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் 5 ஆண்டுகளுக்குள் ஒன்பதிற்குக் கீழ் இறங்கினால் ஈடு செய்வதாக அந்நிறுவனம் உறுதி கூறியது; ஓடிய தொலைவிற்கும் அவ்வுறுதியில் ஒரு வரம்பு உண்டு.

இப்பாடம் நமக்கும் உரியது. அரிசோனாவின் கடுங்கோடை மலாக்காவில் இல்லை. ஆனால், அங்குள்ள குளிர்காலமும் இங்கில்லை. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையைக் கடப்பது நமக்கு இயல்பு. வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் வேதிவினைகள் பலவற்றின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. எனவே, குளிர்நாட்டில் ஓடிய காரின் அடுக்கும் வெப்பநாட்டில் ஓடிய காரின் அடுக்கும் ஒரே வயதினவாயினும் ஒரே மூப்பினவாகா.

இரண்டாம் வாழ்வு

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு இரண்டாம் வாழ்வு என்னும் கருத்தும் அறிந்ததே. பால்மரம் ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்படும். முன்னர் விறகாகிய அம்மரம், 1980-களிலிருந்து மேசை நாற்காலி செய்யும் மரமாக மதிப்புப் பெற்றது. காரின் மின்கல அடுக்கும் இத்தகையதே. அதன் கொள்ளளவு எழுபது, எண்பது விழுக்காட்டிற்கு இறங்கும்போது ஓடும் தொலைவு குறைகிறது. உள்தடை மிகுவதால் திறனும் தளர்கிறது. அந்தக் காரின் மின்பொறிக்கு 80 கிலோவாட் வரை திறன் தேவை. வீட்டு விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றிற்கு ஓரிரு கிலோவாட் போதும். காருக்குத் தளர்ந்த அடுக்கு, பகலில் சூரியத் தகடு தரும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் வீட்டுக்கு வழங்கப் போதுமானதாகலாம்.

ஜப்பானில் நிசான், சுமித்தோமோ நிறுவனங்கள் இணைந்து 2010-இல் 'ஃபோர் ஆர் எனர்ஜி' எனும் நிறுவனத்தைத் தொடங்கின. அது 2018-இல் ஃபுகுஷிமா மாநிலத்தின் நமியே நகரில் மறுபயன் ஆலை ஒன்றைத் திறந்தது. அங்கே அடுக்குகள் சோதிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றன. முதல் தரத்தவை மீண்டும் கார்களுக்கும், அடுத்த தரங்களைச் சேர்ந்தவை பளுதூக்கி வண்டிகளுக்கும் மின்சேமிப்பிற்கும் செல்கின்றன.

தரம்பிரித்தல் ஏன் வேண்டும்? தொடக்ககால லீஃப் அடுக்கில் 48 தொகுதிகளாக 192 கலங்கள் உள்ளன. அவை இரண்டிரண்டாக இணைந்து 96 கண்ணிகள் கொண்ட சங்கிலியாகத் தொடர்கின்றன. ஒரு கண்ணி முதலில் வற்றினால் மற்றவற்றில் மின்சாரம் எஞ்சியிருந்தும் அடுக்கு நிறுத்தப்பட வேண்டியதாகிறது. மூப்போ எல்லாக் கலங்களுக்கும் ஒருசேர வருவதில்லை. மேலும், கொள்ளளவு பல்லாண்டுகள் மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்திற்குப் பின் செங்குத்தாகச் சரிவதும் உண்டு. இதுவரை குறைந்த வேகத்தை வைத்து இனிக் குறையும் வேகத்தைக் கணிப்பது பிழையாகலாம்.

கேட்க வேண்டியவை

ஆகவே, மறுபயன் அடுக்கை வாங்குவோர் மூன்றைக் கேட்க வேண்டும். முதலாவது, அளந்தறிந்த கொள்ளளவு: முழுதும் மின்னேற்றி, உரிய எல்லை வரை இறக்கி, வெளிவந்த ஆற்றலைக் கிலோவாட் மணியில் கணக்கிட்டனரா? இரண்டாவது, பலவீனமான தொகுதியின் அளவு. மூன்றாவது, அது எந்நாட்டில், எத்தனை ஆண்டு, எவ்வாறு உழைத்தது என்னும் வரலாறு. வாங்கிய பின்னரும் தகரக் கூரையின் கீழ் வெயில் தாக்குமிடத்தில் வைத்தலாகாது. உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் உடையதாதலால் பயிற்சியில்லாதோர் அடுக்கைத் திறக்கவும் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் இருப்பு, கொள்ளளவு, ஆற்றல், திறன் ஆகிய நான்கையும் ஒன்றற்கொன்று மாற்றி வழங்காதீர்கள். கிலோவாட் மணி ஆற்றலின் அலகு; கிலோவாட் திறனின் அலகு. டுரியான் துங்காலிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகிறது. அதன் வாயிலை நோக்கி நடக்கும் நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இவ்வேறுபாட்டைத் தாய்மொழியிலேயே தெளிந்து செல்வார்களாயின், பிறமொழியில் பயிலும்போது சொல் மட்டுமே அவர்களுக்குப் புதிதாக இருக்கும். பொருள் முன்பே கைவந்திருக்கும்.