திரையிலிருந்து மேடைக்கு

2004ஆம் ஆண்டில் திரைக்கு வந்த 'புத்ரி குனோங் லேடாங்' எனும் மலாய்த் திரைப்படம், 2006ஆம் ஆண்டில் இசை நாடகமாக அரங்கேறியது. அம்பாங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இஸ்தானா புடாயாவே அதன் மேடை. படத்தில் இளவரசியாக நடித்த தியாரா ஜாக்குலினாவே இங்கும் இளவரசியானார். அறிமுகமான முகம் இருந்தால் நுழைவுச்சீட்டு விற்பது எளிது!

ஹங் துவா வேடமோ கைமாறியது. படத்தில் அவ்வேடம் ஏற்றவர் புகழ்பெற்ற பாடகர் எம். நாசிர், மேடையில் ஏற்றவர் ஸ்டீபன் ரஹ்மான் ஹியூஸ். நாசிர் அளவுக்கு இவர் இங்கு அறியப்பட்டவர் அல்லர். ஆனால், லண்டனின் வெஸ்ட் எண்ட் நாடக வட்டாரத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே டிரீம்ஸ்' இசை நாடகத்தில் நடித்தவர். படப்பிடிப்பில் குரல் தவறினால் மீண்டும் எடுக்கலாம். மேடையிலோ ஒவ்வோர் இரவும் பார்வையாளர் முன்னிலையில் பாடிக்கொண்டே நடிக்க வேண்டும். அப்பயிற்சி உள்ளவரை லண்டன் மேடையிலிருந்து அழைத்து வந்தது பொருத்தமான முடிவே.