காப்பீட்டு நிறுவனங்களில் தரவைக் கண்டறிதலும் நம்புதலும்

ஆய்வுச்சுருக்கம்

காப்பீட்டு நிறுவனங்களில் தரவு இல்லாமை அரிது. இருக்கும் தரவை இனங்காண இயலாமையும், கிடைத்த தரவை நம்ப இயலாமையுமே அங்குள்ள சிக்கல்கள். இவை தோன்றும் விதத்தையும், தரவுப் பட்டியலும் வழித்தடப் பதிவும் இவற்றை எந்த அளவுக்குத் தீர்க்கும் என்பதையும் இந்தியக் காப்பீட்டுத் துறையை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காப்பீடு, தரவு ஆளுகை, தரவுப் பட்டியல், வழித்தடம், உரிமை கோரப்படாத தொகை.

முன்னுரை

காப்பீடு வாக்குறுதியை விற்கும் தொழில். இன்று பெறும் பிரீமியத்திற்கு ஈடாக இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பணம் தருவதாக நிறுவனம் ஒப்புகிறது. அத்தனை காலமும் பதிவேடு பிழைத்திருக்க வேண்டும். கணினி அமைப்புகளோ அதற்குள் பலமுறை மாறிவிடும். 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டபோது 245 நிறுவனங்கள், சங்கங்களின் வணிகம் ஒரு குடைக்கீழ் வந்தது. பொதுக் காப்பீட்டில் 1973-இல் 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. நிறுவனங்கள் இணையும்போது பேரேடுகளும் இணைகின்றன. பேரேடுகளில் உள்ள சொற்களின் பொருள் தானாக இணைவதில்லை. துறைக்கொரு தரவுத்தளம் வைத்திருக்கும் நிறுவனத்தில், எந்த இணைப்பும் நிகழாமலேயே இந்நிலை உருவாகிறது.

சொல்லும் எண்ணும்

'நடப்பிலுள்ள பாலிசிகள் எத்தனை?' என்பது எளிய வினா. ஆயினும் ஒரே நிறுவனத்தின் மூன்று துறைகள் மூன்று விடைகள் தரக்கூடும். ஆயுள் காப்பீட்டில் மாதப் பிரீமியத்திற்குப் பொதுவாக 15 நாளும் பிற தவணைகளுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு. அக்காலத்தில் உள்ள பாலிசியைக் கணக்குத்துறை நிலுவையில் சேர்க்கும். விற்பனைத்துறை, புதுப்பிப்பு வரவேண்டியவற்றுள் வைக்கும். உரிமைகோரல் துறைக்கோ அது முழுமையாக நடப்பிலுள்ள பாலிசி. காப்பீடு செய்தவர் அந்நாள்களில் இறந்தால், செலுத்தப்படாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு காப்புத்தொகையை வழங்கியாக வேண்டும். மூவரும் தவறிழைக்கவில்லை. மூன்று எண்களையும் ஒரே பெயரால் அழைத்ததே தவறு.

தேதிகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. வாகனக் காப்பீட்டில் விபத்து நிகழ்ந்த நாள், அறிவிக்கப்பட்ட நாள், பதிவான நாள், தொகை வழங்கப்பட்ட நாள் என நான்கு நாள்கள் உள்ளன. இவற்றுள் எது என்று சொல்லாமல் 'உரிமைகோரல் தேதி' என்று மட்டும் ஒரு தலைப்பு இருக்குமாயின், படிப்பவர் தமக்கு உகந்ததைப் பொருத்திக்கொள்வார். நிகழ்ந்தும் இன்னும் அறிவிக்கப்படாத இழப்புகளுக்குக் காப்பீட்டுக் கணிப்பியலாளர் ஒதுக்கீடு செய்கிறார். அவர் அறிவித்த நாளை நிகழ்ந்த நாளாகக் கொண்டுவிட்டால், அறிவிப்புத் தாமதமே இல்லாததுபோல் தோன்றி ஒதுக்கீடு குறையும். குறைந்த ஒதுக்கீடு சில ஆண்டுகளுக்கு இலாபமாகவே காட்சியளிக்கும் என்பதால், இப்பிழையைத் தேடுவோர் குறைவு.

எண்ணின் வழித்தடம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சால்வென்சி 2' நெறிமுறை 2009-இல் இயற்றப்பட்டு 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டுப் பொறுப்புகளுக்கான ஒதுக்கீட்டைக் கணக்கிடப் பயன்படும் தரவு பொருத்தமும் முழுமையும் துல்லியமும் உடையதாக இருப்பதை உறுதிசெய்யும் உள்நடைமுறைகள் வேண்டும் என்று அதன் 82-ஆம் பிரிவு கூறுகிறது. விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குப் பயன்பட்ட தரவும் தக்கது என்று காட்ட வேண்டும் என்பதே இதன் உட்பொருள். மூலத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்ட எண் எக்செல் தாளுக்குச் சென்று, ஒருவர் கையால் திருத்தி, மின்னஞ்சலில் மற்றொருவருக்கு அனுப்பி, இறுதியில் ஆண்டறிக்கையில் அமர்ந்தால், இடையில் நிகழ்ந்த திருத்தத்தின் காரணம் திருத்தியவரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் ஓய்வுபெற்றால் அதுவும் போய்விடும்.

தரவுப் பட்டியல் இதற்கென உருவானது. ஒவ்வொரு தரவுத் தொகுதியின் பொருள், பிறப்பிடம், பொறுப்பாளர், கடைசியாகப் புதுப்பித்த நாள், அறியப்பட்ட குறைகள் ஆகியவற்றை அது சொல்ல வேண்டும். இவற்றுள் குறைகளைப் பற்றிய குறிப்பே மிகவும் பயனுடையது. ஆயினும் அதை எழுதவே துறைகள் தயங்கும். குறை சொல்லப்படாத பட்டியலை அனுபவமுள்ளவர் நம்புவதில்லை. மென்பொருளை வாங்கிப் பொறுப்பாளரை அமர்த்தாத நிறுவனத்தில், பட்டியலும் நம்பத்தகாத பதிவேடுகளுள் ஒன்றாகிவிடும்.

கண்டறிதல் எளிதாவது எல்லாருக்கும் எல்லாம் தெரிவதன்று. மருத்துவ விவரம் உள்ளது என்பதையும், அதைக் கேட்டுப் பெறும் முறையையும் பட்டியல் தெரிவிக்கலாம்; நோயாளியின் விவரத்தை அது காட்டலாகாது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இவ்வேறுபாடு சட்டத் தேவையுமாகிறது.

பெயரால் நேரும் சிக்கல்

ரூ.1,000 அல்லது அதற்கு மேற்பட்ட, உரிமை கோரப்படாத தொகைகளின் விவரத்தைக் காப்பீட்டாளர்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பத்தாண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குச் செல்லும். அதன் பின்னும் 25 ஆண்டுகள்வரை உரியவர் கோரலாம். ஆனால் தேடுபவர் தரும் பெயர் பதிவிலுள்ள பெயரோடு பொருந்த வேண்டும்.

தமிழகத்து வாடிக்கையாளர்களிடம் இங்கேதான் இடர் எழுகிறது. பெயர், குடும்பப் பெயர் என்ற இருகட்டப் படிவத்தில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை. ஓரிடத்தில் அது முன்னும், வேறிடத்தில் பின்னும், மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயராகவும் பதிவாகிறது. திருமணத்திற்குப் பின் பெண்களின் தலைப்பெழுத்து மாறுவதுண்டு. ழகரத்தை உரோம எழுத்தில் பலர் பலவாறு எழுதுகின்றனர். எனவே ஒரே நியமனதாரர் மூன்று பதிவுகளில் மூவராக நிற்கிறார். தேடல் 'விவரம் இல்லை' என்கிறது. பணமோ நிறுவனத்திடம் இருக்கிறது. ஆவணத்தில் உள்ளவாறே முழுப்பெயரை ஒரே கட்டத்தில் வைத்தல், தலைப்பெழுத்தின் விரிவைத் தனியே குறித்தல், பெயர் மாறும்போது பழையதை அழிக்காமல் தேதியுடன் காத்தல் ஆகிய மூன்றும் புதிய பாலிசிகளில் இச்சிக்கலைப் பெரிதும் குறைக்கும். பழைய பதிவுகளுக்குப் பிறந்த நாள், முகவரி, பாலிசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஐயத்திற்குரியவற்றை மனிதர் ஒருவர் பார்த்து முடிவுசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.